லிப்பாத்தியின் அடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமாண்டிக் இசை என்றதும் கண்ணீர், ஆவேசம், கட்டற்ற வேகம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வெண்ணத்தைத் திருத்தும் இசைத்தட்டு ஒன்று உண்டு: ருமேனியப் பியானோ கலைஞர் தினு லிப்பாத்தி, 1950 ஜூலையில் ஜெனீவாவில் பதிவு செய்த ஷோப்பினின் 14 வால்ட்ஸ்கள்.

1917-இல் புக்காரெஸ்டில் பிறந்த லிப்பாத்தி, பாரிஸில் ஆல்ஃபிரெட் கோர்த்தோவிடம் பயின்றவர். 1933-ஆம் ஆண்டின் வியன்னாப் போட்டியில் அவருக்கு முதற்பரிசு கிட்டாதபோது, அதை ஏற்காமல் நடுவர் குழுவிலிருந்தே விலகியவர் கோர்த்தோ. அவரும் இவ்வால்ட்ஸ்களை 1934-இல் பதிவு செய்திருக்கிறார். அதில் இசை திடீரென விரையும், தயங்கும், பெருமூச்சு விடும். இடையே சுரம் தவறினாலும் அவர் பொருட்படுத்துவதில்லை. இத்தகைய ஆசானிடம் பயின்ற மாணவர் வேறு வழி சென்றார்.

தாளத்தைச் சற்றே நெகிழ்த்தி வாசிப்பதை ரூபாட்டோ என்பர். இடக்கை இசைக்குழுவின் நடத்துநரைப்போல் தாளம் காக்க, வலக்கை அதன்மேல் உரிமையோடு பாடலாம் என்று ஷோப்பின் கற்பித்ததாக அவருடைய மாணாக்கர் குறித்துள்ளனர். லிப்பாத்தியிடம் நாம் கேட்பது இதையே. சி-ஷார்ப் மைனர் வால்ட்ஸில் சுழன்றோடும் பகுதி மும்முறை வருகிறது. உருக்கத்திற்கு எளிதில் இடந்தரும் அவ்விடத்தை அவர் இழை அறாமல், மெல்லொலியில் ஓடவிடுகிறார். சோகம் குறையவில்லை, நம்மை வற்புறுத்தவில்லை, அவ்வளவே.

இவ்வடக்கம் நோயின் தளர்ச்சி என்று சிலர் கருதக்கூடும். ஹாட்ஜ்கின் நோயால் நலிந்திருந்த அவருக்குக் கார்ட்டிசோன் மருந்து தந்த சிறு இடைவெளியில்தான் இப்பதிவு நிகழ்ந்தது. ஆனால், 1947-இல் அவர் பதிவு செய்த ஷோப்பினின் பி மைனர் சொனாட்டாவிலும் இதே தெளிவும் இதே அளவும் உள்ளன. ஆகவே இது அவர் தேர்ந்துகொண்ட நெறி. அதை நோயின் கணக்கில் எழுதுவது அக்கலைஞருக்கு நாம் இழைக்கும் அநீதி.

1950 செப்டம்பர் 16 அன்று பிரான்சின் பெசான்சோன் நகரில் அவருடைய இறுதிக் கச்சேரி நடைபெற்றது. தாமே வகுத்த வரிசையில் 13 வால்ட்ஸ்களை வாசித்தார். எஞ்சிய ஏ-ஃபிளாட் மேஜர் வால்ட்ஸுக்கு உடல் இடந்தரவில்லை. அதற்கு மாறாகப் பாக்கின் துதிப்பாடல் ஒன்றை வாசித்து முடித்தார். டிசம்பர் 2-இல் மறைந்தபோது வயது 33.

அவ்விறுதி வால்ட்ஸ் ஜெனீவா இசைத்தட்டில் இருக்கிறது. இரக்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு அதைக் கேட்டுப் பார்ப்போம். நடனத்தின் மலர்ச்சியன்றி, விடைபெறும் குரல் எதுவும் அதில் நமக்குக் கேட்கவில்லை.