கூடி ஆடிய குலம்: பெரியோர் விளையாட்டும் நம் அறநெறியும்



வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அடியேன், ஆசிரியப் பணியின் பொருட்டுச் சிவகங்கைச் சீமையில் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தது. அந்நாளில் ஒரு தைத்திங்களில், உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் என்னை நாட்டரசன்கோட்டைக்கு அழைத்துச் சென்றார். பொங்கலை அடுத்து வரும் முதற் செவ்வாய்க்கிழமை அது. அங்குக் கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்றிலில் நகரத்தார் பெருமக்கள் ஒன்றுகூடி இடும் செவ்வாய்ப் பொங்கல் பெயர் பெற்றது. கடல் கடந்து வாழ்வோரும் அந்த ஒரு நாளுக்கென ஊர் திரும்புவர். வரிசை வரிசையாக அடுப்புகள். அவற்றைச் சுற்றி உறவும் நட்பும்.

என் நெஞ்சில் பதிந்தது பொங்கலுக்கு முன் நிகழ்ந்த சீட்டெடுப்பு. அவ்வூர் நகரத்தார் மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் 'புள்ளி' என்று எண்ணுவர். புள்ளிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுப்பர். முதலில் வரும் பெயருக்குரியவரே முதற் பானை வைக்கும் பேறு பெறுவர். செல்வர், எளியர் என்ற வேறுபாடு அந்தக் குடத்துக்குள் இல்லை. பெயர் படிக்கப்பட்டபோது நரைத்த தலையினரும் சிறுவரைப்போல் ஆரவாரித்ததைக் கண்டு வியந்தேன். பெரியவர்கள் தம் வயதை மறந்து மகிழ்வதற்கும் ஒரு முறைமை வேண்டும் என்பதையும், அம்முறைமையை ஓர் ஊர் வழிவழியாகக் காத்து வருவதையும் அன்று உணர்ந்தேன்.

இப்போது இதனை நினைவுகூரக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கூடுகை ஒன்றில் பூசையும் அறவுரையும் முடிந்தன, பகலுணவும் முடிந்தது. பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயமும் ஓவியப்போட்டியும் நடந்தன. பெரியவர்களோ நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் ஆழ்ந்தனர். இதனைக் கண்டு மனம் வருந்திய இளைஞர் சிலர், பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி, எண் அழைத்து, வென்றோர்க்குத் தொகை தரும் தம்போலா ஆட்டத்தை அறிவித்தனர். உடனே முதியவர் ஒருவர் எழுந்து, "அருகன் கோயில் வாயிலில் சூதா?" என்று கேட்டார். "பொழுதுபோக்கும் பாவமா தாத்தா?" என்றார் ஓர் இளைஞர். ஆட்டம் நின்றது, பேச்சும் நின்றது. அவ்விளைஞர்களுள் இருவர் அடுத்த ஆண்டு விழாவுக்கே வரவில்லை. எண்ணிக்கையில் சிறிய சமூகமாகிய நமக்கு அஃது எளிதில் ஈடுசெய்யத்தக்க இழப்பன்று. முதியவர் சொன்னதும் சரி, இளைஞர் கேட்டதும் சரி என்றே எனக்குத் தோன்றியது. இரண்டையும் இணைக்கும் வழி நம் நூல்களிலேயே உண்டா என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கம்பர் உறங்கும் ஊரும் நம் சிந்தாமணியும்

நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி உள்ளது என்பதைத் தமிழுலகம் அறியும். சிந்தாமணியிலிருந்து ஓர் அகப்பை முகந்துகொண்டதாகக் கம்பரே கூறினார் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு. அதன் உண்மை எவ்வாறாயினும், கம்பரை வணங்கச் செல்லும் தமிழ்ச் சமணர் ஒருவருக்குத் திருத்தக்கதேவர் நினைவு வருவது இயல்பே. எனக்கும் வந்தது.

13 இலம்பகங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் கொண்ட சீவக சிந்தாமணியில் ஊரே கூடி ஆடும் காட்சி குணமாலையார் இலம்பகத்தில் வருகிறது. இளவேனிற் காலத்தில் இராசமாபுரத்து மக்கள் நீர்விளையாட்டிற்குப் புறப்படுகின்றனர். அங்கே குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் நறுஞ்சுண்ணமே சிறந்ததென்று போட்டியிடுகின்றனர். தோற்றவர் நீராடாமல் திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். பொன்னோ பொருளோ பணயமில்லை. தீர்ப்புச் சொல்ல வந்த சீவகன் தன் சொல்லை மட்டும் நம்புமாறு கேட்கவில்லை. இரு சுண்ணங்களையும் காற்றில் தூவுகிறான். வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தை நாடி மொய்க்கின்றன. சான்று காட்டித் தீர்ப்பளிக்கும் நடுவரைத் தேவர் நமக்குக் காட்டியிருக்கிறார்.

ஆயினும் அந்த மகிழ்ச்சிக்கு நடுவே தேவர் மற்றொரு காட்சியையும் வைத்தார். உணவைத் தீண்டிவிட்டதென்று சினந்தோர் ஒரு நாயை அடித்து வீழ்த்துகின்றனர். உயிர் ஊசலாடும் அந்நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கே உற்றுழி உதவுகிறது. விழாக்கூட்டம் முழுவதும் களிப்பில் இருக்கும்போது, துடிக்கும் ஓர் உயிரைக் காணும் கண் ஒருவனுக்காவது இருக்க வேண்டும் என்பதே அப்பகுதியின் உட்கிடை என்று கருதுகிறேன். தேவர் விளையாட்டை விலக்கவில்லை; விளையாட்டில் மறதி புகுவதையே கடிந்தார்.

பந்தும் குரவையும்

விமலையார் இலம்பகத்தில் விமலை பந்தாடும் காட்சி அனைவரும் அறிந்ததே. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையின் வத்தவ காண்டத்திலோ பந்தாட்டத்திற்கெனவே தனிப்பகுதி உண்டு. மகளிர் ஒருவர் பின் ஒருவராக வந்து பந்தடித்து, முன்னவர் எண்ணிக்கையைப் பின்னவர் விஞ்ச முயல்கின்றனர். மானனீகையின் ஆட்டம் அனைத்தினும் மேலோங்குகிறது. பார்ப்போர் எண்ண, ஆடுவோர் அடிக்க, கூட்டம் முழுவதும் ஆட்டத்தில் பங்கு கொள்ளும் முறை இது.

இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் அம்மானை, கந்துகம், ஊசல் ஆகியவற்றுக்குரிய வரிப்பாடல்கள் வாழ்த்துக் காதையில் அமைந்துள்ளன. ஆய்ச்சியர் குரவையோ இன்னும் ஆழமானது. பால் உறையாமை முதலிய தீய நிமித்தங்களைக் கண்டு ஆயர்பாடி அஞ்சுகிறது. அப்போது மாதரி எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்களுக்கு இட்டுக் குரவை ஆடச் செய்கிறாள். அச்சம் சூழ்ந்த வேளையில் கைகோத்து வட்டமாக நிற்பதே ஊரார்க்கு ஆறுதலாகிறது. கூடி ஆடுதல் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இக்காதையை ஒருமுறை படித்தல் நலம்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலையும் இங்கு நினைக்கலாம். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அக்குகைக்கோயிலைப் புதுக்கினார் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. விதானத்தில் தாமரைப் பொய்கை. அதில் மீன்களும் பறவைகளும் யானைகளும் திளைக்க, மலர் கொய்து நிற்கும் மாந்தர். இது சமவசரணத்தின் ஒரு பகுதியைக் குறிப்பது என அறிஞர் பலர் கருதுவர். அருகன் அறவுரை கேட்கச் செல்லும் பவ்வியர் முகத்திலும் மகிழ்ச்சியையே ஓவியர் தீட்டினர்.

எது சூது? எது விளையாட்டு?

இனி அம்முதியவரின் வினாவுக்கு வருவோம். ஏழு வியசனங்களுள் சூதினை முதலில் வைத்து எண்ணுவது நம் மரபு. ஏலாசாரியர் அருளியதென நம் முன்னோர் போற்றும் திருக்குறளும் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. ஆதலின் பணம் வைத்து ஆடுவது, தொகை சிறிதாயினும் பெரிதாயினும், நம் கோயில் வளாகத்தில் நுழையலாகாது என்பதில் ஐயமில்லை.

அவ்வாறாயின் நாட்டரசன்கோட்டைச் சீட்டும் சூதா எனக் கேட்கலாம். அன்று. அங்குச் சீட்டு ஒருவர் பொருளை மற்றவரிடம் சேர்ப்பதில்லை. எவர் முன், எவர் பின் என்னும் வரிசையை மட்டும் மனக்கசப்பின்றி முடிவு செய்கிறது. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலையும் இத்தகையதே. தகுதியுடையோர் பெயர்களைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவன் கையால் எடுக்கச் செய்து, ஊராட்சிப் பொறுப்பை ஒப்படைத்தனர். சீட்டும் காயும் தம்மளவில் பழியுடையன அல்ல. இழப்பவன் கண்ணீரில் வெல்பவன் மகிழ்வதே சூதின் இலக்கணம்.

இரண்டாவது அளவுகோல் அனர்த்த தண்ட விரதம். பயனின்றிப் பிற உயிர்க்கு இன்னல் செய்யாதிருத்தலே அதன் பொருள். இரத்தின கரண்டக சிராவகாசாரமும் அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் இதனை இல்லறத்தார்க்கு உரைக்கின்றன. சிவகங்கைச் சீமையில் சிராவயல், அரளிப்பாறை முதலிய ஊர்களின் மஞ்சுவிரட்டு பெயர் பெற்றது. அம்மண்ணின் மக்கள் வீரமெனப் போற்றுவதைப் பழித்துரைக்க யான் முன்வரவில்லை. ஆனால் உயிரினத்தை அலைக்கழிக்கும் ஆட்டம் நம் விரதத்தோடு இயையாது. நீரை வீணே இறைப்பதும் செடிகொடிகளை வீணே ஒடிப்பதும்கூட இவ்விரதத்தால் விலக்கப்பட்டனவே.

நம்மவர் கண்ட காய்விளையாட்டு

இவ்விரு அளவுகோல்களுக்கும் உட்பட்டு ஒரு விளையாட்டை நம் சமயத்தாரே வளர்த்துள்ளனர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். குசராத்திலும் இராசத்தானிலும் வாழும் சமணர் 'ஞான சௌபர்' என்னும் காய்விளையாட்டை ஆடி வந்தனர். துணியிலோ தாளிலோ வரைந்த கட்டங்கள். சமணர் பலகையில் பெரும்பாலும் 84. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு குணத்தின் அல்லது கதியின் பெயர். நற்குணக் கட்டத்தில் ஏணி மேலேற்றும்; தீக்குணக் கட்டத்தில் பாம்பு கீழிறக்கும். உச்சியில் சித்தர் உலகம். பர்யூஷண நாள்களில் இதனை ஆடுவது அவர்கள் வழக்கம். நம் ஊர்களில் வைகுண்ட ஏகாதசி இரவில் வைணவர் ஆடும் பரமபத சோபானமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று, குணப்பெயர்களை நீக்கி, குழந்தைகளுக்குரிய ஏணியும் பாம்பும் ஆக்கினர். பெரியவர்களின் வினைக்கொள்கைப் பாடம் இவ்வாறு பிள்ளைகளின் ஆட்டமாகச் சுருங்கியது.

சொல்லும் விளையாட்டே

உடலால் ஆட இயலாத முதியோர்க்கு எது வழி? இதற்கும் செட்டிநாடே விடை தருகிறது. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனியில் நடைபெறும் அதன் விழாவின் நிறைவு நாளான அத்தத் திருநாள் நாட்டரசன்கோட்டையில் கொண்டாடப்படும். இன்று தமிழகமெங்கும் பரவியுள்ள பட்டிமன்றம் மக்கள் விருந்தாக வளர்ந்ததில் அக்கழக மேடைக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டு அணி, ஒரு நடுவர், ஆயிரம் செவிகள். தோற்றவர்க்கும் கைத்தட்டல் கிடைக்கும். 'பட்டிமண்டபம்' என்னும் சொல்லோ சிலம்பிலும் மணிமேகலையிலும் உள்ள பழஞ்சொல்.

நம் இல்லங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியை ஆராயத் தொடங்கிய காலத்தில் கும்பகோணத்துச் சமண இல்லம் ஒன்றுக்குச் சென்றார். அங்கு விழாக்கோலத்தைக் கண்டு காரணம் வினவினார். சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து நிறைவு செய்ததைக் கொண்டாடுவதாக அவர்கள் கூறினர். அவர் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. ஏடு அச்சேறும் முன்பே, அதனைக் கூடியிருந்து படித்து, பொருள் வினவி, விடை கூறி மகிழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை.

செய்து பார்த்ததும் செய்யத்தக்கதும்

இவற்றையெல்லாம் எண்ணி, சென்ற ஆண்டுக் கூடுகையில் ஒரு சிறு முயற்சி செய்தோம். மண்டபத் தரையில் சுண்ணக்கட்டியால் 84 கட்டங்கள் வரைந்தோம். பெரியவர்களே காய்களாக நின்றனர்; பிள்ளைகள் சோழி உருட்டினர். எக்கட்டத்தில் நின்றாலும் அதன் பெயருக்குரிய பொருளை நின்றவர் சொல்ல வேண்டும். தெரியாவிடில் கூட்டம் சொல்லிக்கொடுக்கும். தம்போலாவைத் தடுத்த அதே முதியவர் முதலில் களமிறங்கினார். மூன்றாம் உருட்டிலேயே 'செருக்கு' என்னும் பாம்பின் வாயில் அகப்பட்டுக் கீழ்வரிசைக்கு இறங்கினார். மண்டபம் சிரித்தது, அவரும் சிரித்தார். அன்று அவரோடு சொல்லாடிய இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து வரச்செய்தவர் அவரே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வரும் விழாக்களுக்கு என் விண்ணப்பம் எளியது. முதலாவதாக, பகலுணவுக்கும் கதிர் மறைவதற்கு முன் உண்ணும் மாலையுணவுக்கும் இடையில் ஒரு நாழிகையைப் பெரியவர்களின் ஆட்டத்துக்கென ஒதுக்குக. இரண்டாவதாக, அணிகளைக் குடவோலையால் பிரித்திடுக. உறவும் ஊரும் கலந்து நிற்கட்டும். மூன்றாவதாக, ஞான சௌபர், கும்மி, கோலாட்டம், பந்தெண்ணுதல், சிறு பட்டிமண்டபம் எனச் சுழற்சியாக நடத்துக. பரிசு வேண்டுமெனில் நூல் தருக; பணம் வேண்டா.

அறவுரை கேட்க வருவோர் ஒரு நாள் வருவர். கூடி மகிழ்ந்தவர் மறு ஆண்டும் வருவர். வருகின்றவர்க்கே அறவுரையும் சென்று சேரும். நாட்டரசன்கோட்டைக் குடத்திலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்பட்டபோது எழுந்த அந்த ஆரவாரம் நம் சினாலய முற்றங்களிலும் எழட்டும்.

அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!