ஜிபெல்லினா: இடம்பெயர்ந்த ஊரும் இடம்பெயராத தெருக்களும்

பேரிடருக்குப் பின் எழுப்பப்பட்ட சிற்றூர்களைப் பற்றிய எழுத்துகளில் சிசிலித் தீவின் ஜிபெல்லினா ஒன்று துணிச்சலான கலைமுயற்சியாகப் போற்றப்படுகிறது. அல்லது நகரமைப்புத் தோல்வியாகப் பழிக்கப்படுகிறது. இரு தரப்பினரும் ஊரின் வரலாற்றை நிலநடுக்கம் நிகழ்ந்த இரவிலிருந்தே தொடங்குகின்றனர். அப்பள்ளத்தாக்கின் மக்களிடம் அதற்கு முன்பே ஒரு திட்டம் இருந்தது என்பது இதனால் மறைந்துபோகிறது.

மேற்குச் சிசிலியின் பெலிச்சே பள்ளத்தாக்கு நீர்ப்பற்றாக்குறையும் வேலையின்மையும் மிகுந்த பகுதி. டனிலோ டோல்ச்சி, லொரென்சோ பார்பேரா ஆகியோர் உழவர்களுடன் ஊர்தோறும் கூட்டங்கள் நடத்தி, அணை, பாசனம், பள்ளி, வேலை ஆகியவற்றை முன்னிறுத்தும் கோரிக்கைகளைத் தொகுத்தனர். 1967 மார்ச்சில் அக்கோரிக்கைகளோடு ஒரு நெடும் நடைப்பயணமும் நடந்தது. பத்தே மாதங்களில், 1968 சனவரி 14, 15 நாள்களில், தொடர் நிலநடுக்கங்கள் அப்பகுதியை உலுக்கின. ஜிபெல்லினா, பொஜ்ஜொரெயாலே, சலபருத்தா, மொந்தேவாகோ ஆகிய நான்கு ஊர்கள் முற்றாக அழிந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர்.

சிசிலிக்கு ஊர்ப்பெயர்வு புதிதன்று. 1693 நிலநடுக்கத்திற்குப் பின் நோட்டோ நகரமும் மலையுச்சியை விட்டு வேறிடத்தில் கட்டப்பட்டதே. ஆனால் பெலிச்சேயில் அழிந்த மற்ற மூன்று ஊர்களும் பழைய இடத்திற்கு அருகிலேயே எழுந்தன. ஜிபெல்லினா மட்டும் ஏறத்தாழ 20 கி.மீ. மேற்கே, சலேமிக்கு அருகிலுள்ள சமவெளிக்குப் பெயர்ந்தது. விரைவுச்சாலையும் இருப்புப்பாதையும் அவ்விடத்தை ஒட்டிச் சென்றன; அவை தொழிலைக் கொண்டுவரும் என்பது எதிர்பார்ப்பு. வேலை வேண்டும் என்ற மக்களின் கோரிக்கைக்கு, சாலைக்கு அருகில் ஓர் ஊர் என்பதே விடையாகக் கிடைத்தது.

அரசின் குடியிருப்பு நிறுவனம் வரைந்த புதிய ஊரில் தோட்ட நகரக் கொள்கையின் சாயல் தெளிவு: தோட்டத்தோடு கூடிய வரிசை வீடுகள், வண்டிகளுக்கும் நடப்போருக்கும் தனித்தனி வழிகள், விரிந்த பசுமைப் பரப்புகள். மலைச்சரிவில் நெருங்கிக் கட்டப்பட்ட பழைய ஊரிலோ தெரு குறுகலானது. எதிர்வீட்டு வாசலில் அமர்ந்திருப்பவரோடு எழாமலே பேசலாம். ஏறத்தாழ 6,000 பேருக்குப் போதுமாயிருந்த அந்த நெருக்கம் புதிய ஊரில் கிடைக்கவில்லை. இதனை வெறும் அழகியல் குறையாகக் கொள்வது பொருந்தாது. அகன்ற தெருவில் அண்டை வீட்டார் தற்செயலாகச் சந்திக்கும் வாய்ப்பே குறைகிறது.

வீடுகள் வரும்வரை மக்கள் தற்காலிகக் கொட்டகைகளில் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தனர். 1970 மார்ச்சில் டோல்ச்சியின் குழுவினர் இந்நிலையை உலகுக்கு அறிவிக்க அனுமதியற்ற வானொலி ஒன்றை இயக்கினர். காவல்துறையினர் புகுந்து அதனை நிறுத்தினர். அதே ஆண்டு பள்ளத்தாக்கின் இளைஞர்கள், கட்டாய இராணுவப் பணிக்கு மாற்றாகத் தம் ஊர்களின் மீள்கட்டமைப்பில் பணியாற்றும் உரிமையைப் போராடிப் பெற்றனர். ஜிபெல்லினாவைப் பற்றிய கட்டடக்கலை நூல்கள் சிற்பங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பகுதியையேனும் இவ்வெற்றிக்கு ஒதுக்கியிருக்கலாம்.

நகரத் தலைவர் லுடோவிகோ கொர்ராவோ இவ்வெறுமையை உணர்ந்தவர். கலைஞர்களை அழைத்து ஊருக்கு ஒரு முகம் தர முயன்றார். பியெத்ரோ கொன்சாக்ராவின் 26 மீட்டர் உயர எஃகு விண்மீன் ஊர்வாயிலில் நிற்கிறது. புதிய ஊரில் பணியாற்ற மனமில்லாத அல்பெர்ட்டோ பூர்ரி, இடிபாடுகளையே தேர்ந்தார். ஏறத்தாழ எட்டு எக்டேர் பரப்பில் இடிபாடுகளைத் திரட்டி, அவற்றின்மேல் ஆளுயரத்திற்குச் சற்றுக் குறைவான வெண் சிமெண்ட் பாளங்களை அமைத்தார். பாளங்களின் இடைவெளிகள் பல இடங்களில் பழைய தெருக்களைத் தழுவிச் செல்கின்றன. காலால் நடந்து அளக்கக்கூடிய பழைய ஊரின் அளவு, ஆளில்லாத இந்நினைவிடத்தில்தான் எஞ்சியிருக்கிறது. ஆனால் அங்கு எந்த வாசலும் இல்லை. வீட்டுப் பொருள்களும் இடிபாட்டோடு உள்ளேயே புதைந்துள்ளன.

லுடோவிகோ குவரோனி வடிவமைத்த தலைமைத் தேவாலயத்தின் கூரை 1994இல் இடிந்து விழுந்தது. 2010இல்தான் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. இன்று ஊரில் வாழ்வோர் ஏறத்தாழ 4,000 பேர். இத்தாலியின் சமகாலக் கலைத் தலைநகர் என்னும் தகுதி, முதன்முறையாக, 2026ஆம் ஆண்டிற்கு ஜிபெல்லினாவுக்கு வழங்கப்பட்டது. பூர்ரியின் நினைவிடம் 1989இல் பணமின்றி நின்று, 2015இல் நிறைவுற்றது. அப்போது, நிலநடுக்க இரவில் பத்து வயதாயிருந்தவருக்கு ஐம்பத்தேழு வயது.