வால்வுச் சுருள்வில்லின் எல்லை
கேம் ஷாஃப்டின் புடைப்பு வால்வைத் திறக்கிறது. அதை மூடுவது சுருள்வில். பந்தயக் கார்களுக்காகப் புடைப்பின் உயரமும் சரிவும் கூட்டப்பட்டபோது, பழைய வில்லால் வால்வை உரிய நேரத்தில் மீட்க இயலவில்லை. புடைப்பை விட்டு விலகி மிதந்த வால்வின்மீது பிஸ்டன் மோதினால் எஞ்சினே சிதையும். வில்லின் விறைப்பைக் கூட்டுவது எளிய தீர்வாகத் தோன்றலாம், அன்று. விறைப்பு மிகுந்தால் புடைப்பின் தேய்மானமும் மிகும். வில்லுக்குள் வில் பொருத்தியதன் நோக்கம் விசை மட்டுமன்று. இரண்டின் அதிர்வெண்களும் வேறுபடுவதால் நடுக்கமும் அடங்கியது.

1954இல் மெர்சிடிஸ் டபிள்யூ 196 வில்லையே கைவிட்டு, மூடுவதற்கும் தனிப் புடைப்பை அமைத்தது. செலவு மிகுந்த அம்முறை டுகாட்டி மோட்டார்சைக்கிள்களில் நிலைத்தது. 1986இல் ரெனோ தன் பார்முலா 1 எஞ்சினில் எஃகு வில்லுக்கு மாற்றாக அழுத்தப்பட்ட வாயுவைப் பயன்படுத்தியது. சாலைக் கார்களில் கேம் ஷாஃப்டை மாற்றுவோரோ, அதற்கேற்ற எஃகு வில்லையே இன்றும் தேடுகின்றனர்.