விரல்களைத் தின்றது வினையன்று

நம் நாட்டுக் கோயில் வாயில்களில் நெடுங்காலம் ஒரு காட்சி மாறாதிருந்தது. விரலற்ற கைகளை ஏந்தி ஒருவர் அமர்ந்திருப்பார். உள்ளே செல்வோர் எட்ட நின்று காசை எறிவர். எறிந்தபின் உடன்வந்த சிறுவனிடம், "முற்பிறப்பில் செய்த பாவம்" என்பர். காசு எறிந்தது கருணையெனில், அந்தச் சொல் என்ன? ஒரு மனிதனின் நோயை அவன் குற்றமாக்கிய தீர்ப்பு அது. விசாரணையின்றி வழங்கப்பட்ட தீர்ப்பு. மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் நம் நாட்டுப் புராணிகர் மட்டுமல்லர். கண்ணன் மகன் சாம்பன் தந்தையின் சாபத்தால் தொழுநோயுற்றான், சூரியனை வழிபட்டு நலம் பெற்றான் என்று இங்கே கதை கட்டினர். யூதரின் வேத ஏடோ நோயாளியை ஊருக்கு வெளியே நிறுத்தியது. "நான் தீட்டு" என்று அவன் வாயாலேயே கூவச் சொல்லிற்று. இடைக்கால ஐரோப்பாவில் சில இடங்களில் உயிருள்ள நோயாளிக்கே இறுதிச்சடங்கு போன்றதொரு சடங்கு நடத்தி ஊரைவிட்டு அனுப்பினர். மதங்கள் பலவாயினும் இந்த ஒன்றில் அவற்றிடையே அரிய ஒற்றுமை!

அறிவியலும் உடனே உண்மையைக் கண்டுவிடவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் நார்வே நாட்டில் இந்நோய் மிகுந்திருந்தது. பெர்கன் நகரின் பெரும் மருத்துவர் டானியல்சன் இது பரம்பரை நோய் என்று உறுதியாக நம்பினார். அவரிடம் பணிபுரிந்த ஹான்சன் என்ற இளைஞர், பின்னர் அவர் மகளையே மணந்தவர், மாமனாரின் கொள்கையை ஏற்கவில்லை. 1873இல் நோயுற்ற திசுவில் கோல் வடிவக் கிருமியைக் கண்டார். மனிதனுக்கு நோய் தருவன என்று முதன்முதல் சுட்டப்பெற்ற நுண்கிருமிகளுள் அதுவும் ஒன்று. மாமனாரின் கொள்கை வீழ்ந்தது. ஆராய்ச்சியில் பிழை நேரும். ஆனால் அங்கே பிழையைத் திருத்த மருமகனுக்கும் உரிமை உண்டு. சாத்திரத்தில் அந்த உரிமை எவருக்கு உண்டு?

கிருமி அகப்பட்டது, விரல்கள் ஏன் போகின்றன என்பது மட்டும் விளங்கவில்லை. சதை தானே அழுகி உதிர்கிறது என்றே மருத்துவர் பலரும் எண்ணினர். அந்தப் புதிர் அவிழ்ந்த இடம் தமிழகம்.

1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்தை டாக்டர் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். பறவையின் நகம்போல் மடங்கிய கையுடைய நோயாளி ஒருவரிடம், தம் கையை இறுகப் பற்றுமாறு பிராண்ட் கேட்டார். மெலிந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை! உருக்குலைந்த அந்தக் கையில் வலிய தசைகள் இன்னும் உயிரோடிருந்தன; ஆனால் தன் பிடியின் வலிமை அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? தோலில் நுண்ணிய நரம்பு முனைகள் எண்ணற்றவை பரந்து கிடக்கின்றன. சில தொடுதலையும், சில சூட்டையும் குளிரையும், சில ஊறு தரும் தாக்குதலையும் உணர்ந்து முதுகுத்தண்டு வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அடுப்பில் கைபட்டால் நாம் எண்ணிப் பார்த்தா இழுக்கிறோம்? மூளை வலியை உணர்வதற்கு முன்னரே முதுகுத்தண்டின் கட்டளையால் கை விலகிவிடுகிறது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. ஆகவே தோலிலும், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளிலும் குடியேறுகிறது. முழங்கையை எங்கேனும் இடித்துக்கொண்டால் சிறுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்கிறதே, அந்த நரம்பு அதற்கு மிகவும் வாய்ப்பான இடம். அது கெட்டால் உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கும், உணர்வும் போகும். ஆழத்திலுள்ள முன்கைத் தசைகளோ பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. எனவேதான் பிடி இரும்பாகவும், தோல் மரமாகவும் இருந்தன.

மற்றொரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் பிராண்ட் திணறினார். நோயுற்ற சிறுவன் ஒருவன் வந்து எளிதில் திறந்தான். கையைப் பார்த்தால் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. சிறுவன் அதை அறியவேயில்லை. உறங்கி எழுந்த நோயாளிகள் சிலரின் விரல் துண்டு காணாமற்போவது இன்னொரு புதிர். இரவெல்லாம் காவலிருந்து பார்த்தனர். எலி வந்து கடித்தது. உறங்கியவர் கையை இழுக்கவில்லை! அதன்பின் பூனைகள் வளர்க்கப்பட்டன. முற்பிறப்பின் பாவம் என்று நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டதில் ஒரு பங்கு எலியின் வேலை என்பதை எண்ணினால் சிரிப்பதா, அழுவதா?

சூடான பாத்திரம், கூரிய கல், உராயும் செருப்பு ஆகியவையே எஞ்சிய பங்கைச் செய்தன. வலி அறியாதவன் புண்ணின்மேலேயே நடக்கிறான், சீழ் பிடிக்கிறது, எலும்பு கரைந்து குறுகுகிறது.

பொது மருத்துவமனைகள் தொழுநோயாளரைச் சேர்க்கவே அஞ்சிய அந்நாளில், கெடாத தசையின் நாணை எடுத்து மடங்கிய விரல்களுக்கு இணைத்துத் தைக்கும் முறையைப் பிராண்டும் அவர் துணைவரும் வளர்த்தனர். அறுவைக்குப்பின் புதிய நாணைக் கொண்டு விரலை நீட்டவும் பிடிக்கவும் மூளைக்குப் பயிற்சி தரவேண்டும். குவளையையும் எழுதுகோலையும் பற்றும் நிலைக்குக் கைகள் மீண்டன. பிராண்ட் ஆழ்ந்த கிறித்துவப் பற்றுடையவர், சமயப்பணியாளரின் மகன். அதைச் சொல்ல நமக்குத் தயக்கம் ஏன்? விரலை நிமிர்த்தியது அவருடைய கத்தியும், அவர் கண்ட உண்மையும்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின் அவர் செயற்கை வலி ஒன்றை ஆக்க முயன்றார். கையுறையில் அழுத்தமறியும் கருவிகள்; அழுத்தம் மிகுந்தால் ஒலி எழும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சியும் தந்து பார்த்தார். கடினமான வேலை வந்தால் பொறியை நிறுத்திவிட்டு வேலையை முடித்தனர்! நிறுத்தக்கூடிய வலி காவல் காக்காது என்று கண்டு அம்முயற்சியைக் கைவிட்டார். மிளகாயின் காரப்பொருளைக் கொண்டே சூட்டு வலியின் வாயிலைக் கண்ட டேவிட் ஜூலியசும், தொடுதலின் வாயிலைக் கண்ட பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றனர்.

நோய்க்கு மருந்தும் வந்தது. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறையை 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் நோய் தீரும், விலையும் இல்லை. மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் தொற்றுவதே இல்லை. அவர்கள் உடலே அதைத் தடுத்துவிடுகிறது. தொடக்கத்திலேயே, உணர்வற்ற தேமல் ஒன்று தோன்றும்போதே வந்தால், ஒரு விரலும் மடங்காது. ஆயினும் மறைக்கிறார்கள். தோலுக்கு வலி தெரியாவிட்டாலும் ஊர்ச்சொல் வலிக்கிறதே!

அந்தச் சொல்லுக்குச் சட்டமும் துணைநின்றது. வெள்ளையர் 1898இல் இயற்றிய தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுக்கும் நோயாளியைப் பிடித்து அடைக்க வழிசெய்தது. விடுதலை பெற்ற நாட்டில் அது 2016 வரை ஏட்டில் இருந்தது. துணைக்குத் தொழுநோய் என்பதைக் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்த விதி 2019இல்தான் நீக்கப்பட்டது. குணப்படுத்தும் மருந்து பரிந்துரைக்கப்பட்டு 38 ஆண்டுகள் கழித்து.