ஓய்வுக்கால விசா (தாய்லாந்து)

தாய்லாந்தின் ஓய்வுக்கால விசா என்பது, 50 வயது நிறைந்த வெளிநாட்டவர் வேலை எதுவும் பார்க்காமல் தம் சொந்தப் பணத்தில் அந்நாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்க வழங்கப்படும் அனுமதி. பட்டாயா, சியாங் மாய், ஹுவா ஹின், உடோன் தானி முதலிய ஊர்களில் குடியிருக்கும் ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய முதியவர்கள் பலர் இதன்கீழ்தான் வாழ்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இதற்கு அடித்தளம். ஆனால் வயது, வைப்புத்தொகை, வருமானம் பற்றிய நிபந்தனைகள் சட்டத்தில் இல்லை. காவல்துறையும் அதன் பிரிவான குடிவரவுத் துறையும் பிறப்பிக்கும் ஆணைகளில் இருக்கின்றன. அதனால் நாடாளுமன்றத்துக்குப் போகாமலே விதிகள் மாறக்கூடும், மாறியும் இருக்கின்றன. 2014இல் வந்த 327ஆம் எண் ஆணையும், அதைத் திருத்தி 2019 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆணையும் இப்போதைய விதிகளின் அடிப்படை.

விசாவும் நீட்டிப்பும்

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் விசா என்றே சொன்னாலும் இங்கே இரண்டு தனித்தனி ஆவணங்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலுள்ள தாய்லாந்துத் தூதரகம் தருவது நுழைவதற்கான விசா. உள்ளே வந்தபின் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது குடிவரவு அதிகாரி பாஸ்போர்ட்டில் இடும் முத்திரை. அந்த முத்திரையின் காலத்தை ஆண்டுதோறும் நீட்டித்துக்கொண்டே போவதுதான் பெரும்பாலோர் ‘ஓய்வுக்கால விசா’ என்று குறிப்பிடும் ஏற்பாடு. பத்து, பதினைந்து ஆண்டுகள் அங்கேயே இருப்பவரின் முதல் விசா எப்போதோ காலாவதியாகியிருக்கும். அவர் நீட்டிப்பின் பேரில்தான் தங்கியிருக்கிறார்.

உள்ளே வருவதற்கு முக்கியமான வழிகள் மூன்று. ‘ஓ’ வகை விசா 90 நாள் தங்க அனுமதிக்கும். அந்தக் காலத்தின் கடைசி 30 நாளுக்குள் ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சுற்றுலாப் பயணியாக வந்தவர்கூட, தங்கும் காலத்தில் குறைந்தது 15 நாளாவது மீதமிருந்தால், 2,000 பாட் கட்டணத்தில் உள்நாட்டிலேயே இந்த வகைக்கு மாறிக்கொள்ளலாம். ‘ஓ-ஏ’ வகையைச் சொந்த நாட்டிலோ நிரந்தரமாக வசிக்கும் நாட்டிலோ இருந்துதான் பெற வேண்டும். அதற்குக் காவல்துறை நற்சான்றும், தொழுநோய், காசநோய், யானைக்கால், மூன்றாம் கட்ட மேகநோய், போதைப்பழக்கம் ஆகியவை இல்லை என்ற மருத்துவச் சான்றும் தேவை. மூன்றாவதான ‘ஓ-எக்ஸ்’ ஐந்தாண்டுக்கு உரியது, மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கத்தக்கது. ஆனால் ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, பிரிட்டன், மற்றும் ஒன்பது ஐரோப்பிய நாடுகள் என 14 நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான வைப்புத்தொகை 30 லட்சம் பாட்.

‘ஓ’, ‘ஓ-ஏ’ இரண்டுக்குமான பெரிய வேறுபாடு மருத்துவக் காப்பீடு. 2019 அக்டோபர் 31 முதல் ‘ஓ-ஏ’ விசாவுக்கு அது கட்டாயமானது. தொடக்கத்தில் உள்நோயாளிச் சிகிச்சைக்கு 4 லட்சம் பாட், வெளிநோயாளிச் சிகிச்சைக்கு 40,000 பாட் என்றிருந்த காப்புத்தொகை பிறகு 30 லட்சம் பாட்டாக உயர்ந்தது. ‘ஓ-ஏ’ வழியாக வந்து ஆண்டு நீட்டிப்புப் பெறுபவருக்கும் இது பொருந்தும். ‘ஓ’ வழியாக வந்தவருக்குப் பொருந்தாது. ஒரே வீதியில், ஒரே வயதில், ஒரே சேமிப்போடு வாழும் இருவரில் ஒருவருக்கு மட்டும் காப்பீடு கட்டாயம் என்பது வினோதம்தான். எழுபது வயதைத் தாண்டியவருக்குக் காப்பீடு கிடைப்பதே கடினம் என்பதால், சிலர் தாய்லாந்தை விட்டு வெளியேறிப் புதிதாக ‘ஓ’ விசா பெற்றுத் திரும்புகிறார்கள்.

பணத் தகுதி

ஆண்டு நீட்டிப்புக்குப் பணத் தகுதியை மூன்று விதங்களில் காட்டலாம். தாய்லாந்து வங்கி ஒன்றில் 8 லட்சம் பாட் வைப்பு. அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். அல்லது வைப்பும் ஆண்டு வருமானமும் சேர்ந்து 8 லட்சம். 1998 அக்டோபர் 21க்கு முன்பே வந்து தொடர்ந்து தங்கியிருப்பவர்களுக்குப் பழைய, குறைந்த தொகைகளே நீடிக்கின்றன.

வைப்பு முறையில் 2019க்கு முன்பு விண்ணப்பம் வரையிலான இருப்பு மட்டுமே பார்க்கப்பட்டது. முத்திரை கிடைத்த மறுநாளே பணத்தை எடுத்துவிட்டாலும் கேட்பாரில்லை. விசா முகவரிடம் கடன் வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு அது வசதியாக இருந்தது. இப்போது 8 லட்சம் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது. அதன்பின் பாதி வரை எடுக்கலாம், ஆனால் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே ஒருநாளும் இறங்கக்கூடாது. ஆண்டு முழுதும் கணக்கிட்டால் ஐந்து மாதம் 8 லட்சமும் ஏழு மாதம் 4 லட்சமும் முடங்கும். அந்த 4 லட்சம், தாய்லாந்தில் இருக்கும் வரை செலவுக்கு உதவாத பணம் என்றே கொள்ள வேண்டும். திடீர் அறுவைச் சிகிச்சைக்கு அதை எடுத்தால் அடுத்த நீட்டிப்பு சிக்கலாகிவிடும்.

கணக்கு விண்ணப்பதாரரின் தனிப்பெயரில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. தாய்லாந்தின் வைப்புக் காப்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு 10 லட்சம் பாட் வரை ஈடுசெய்வதால் வங்கி நொடித்தாலும் பணம் போகாது. உரியவர் இறந்தால்தான் தொல்லை: கூட்டுக் கணக்கு இல்லாததால், நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும் வரை மனைவியோ கணவரோ பணத்தை எடுக்க முடியாது. தாய்லாந்துச் சொத்துக்கெனத் தனி உயில் எழுதிவைப்பது அங்கே வழக்கறிஞர்கள் முதலில் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று.

வருமான முறை முன்பு தூதரகக் கடிதத்தை நம்பியிருந்தது. ஓய்வூதியக்காரர் தம் வருமானத்தைத் தூதரகத்தில் உறுதிமொழியாகச் சொல்லிக் கடிதம் பெறுவார். குடிவரவு அலுவலகம் அதை ஏற்கும். அந்தத் தொகையைத் தூதரகமே சரிபார்த்துத் தர வேண்டும் என்று தாய்லாந்து எதிர்பார்த்தபோது, தங்களால் அது இயலாது என்று பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் கடிதம் தருவதை நிறுத்திவிட்டன. 2019இன் தொடக்கத்திலிருந்து இந்நாட்டவர்கள், மாதந்தவறாமல் 65,000 பாட் வெளிநாட்டிலிருந்து தம் கணக்குக்கு வந்ததை வங்கிச் சான்றால் காட்ட வேண்டியவர்களானார்கள். நாணயமாற்று ஏறி இறங்கி ஒரு மாதம் 64,000 வந்தாலும் போதாது. பணம் அனுப்பும் நிறுவனம் உள்ளூர் வங்கிக் கிளை வழியாகச் செலுத்தினால், அது உள்நாட்டு வரவாகப் பதிவாகிவிடுவதும் உண்டு.

பிரிட்டன் முதியவர்களை இந்த விதி கடுமையாகப் பாதிக்கிறது. பிரிட்டன் அரசின் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்ந்தாலும், தாய்லாந்தில் வசிப்போருக்கு அந்த உயர்வு கிடையாது. எந்தத் தொகையோடு போனார்களோ அதிலேயே அது உறைந்து நிற்கும். 2024-25ஆம் ஆண்டின் முழு ஓய்வூதியம் வாரம் 221.20 பவுண்டு. ஒரு பவுண்டு 45 பாட் என்று கொண்டால் மாதம் ஏறத்தாழ 43,000 பாட். வேறு ஓய்வூதியம் இல்லாதவர் வருமான முறையில் தேற வழியில்லை. மூன்றாவது முறைப்படி ஆண்டு வருமானம் போக மீதமுள்ள 2.84 லட்சத்தை வங்கியில் காட்டினால் போதும் என்று காகிதத்தில் கணக்கு வரும். ஆனால் தூதரகக் கடிதம் இல்லாமல் அந்தக் கலப்பு முறையை ஏற்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுபடுகிறது.

ஆண்டு முழுவதும் உள்ள கடமைகள்

நீட்டிப்புக்குக் கட்டணம் 1,900 பாட். வசிக்கும் மாகாணத்தின் குடிவரவு அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கடிதமும் வரவு பதியப்பட்ட கணக்குப் புத்தகமும் பெரும்பாலும் அன்றைய தேதியில் இருக்க வேண்டும். கூடுதல் ஆவணம் கேட்கும் அதிகாரம் அலுவலருக்கு உண்டு. இதனால் சியாங் மாயில் ஏற்கப்பட்ட ஆவணக் கட்டு பட்டாயாவில் திரும்பி வரலாம்.

நாட்டுக்குள் தொடர்ந்து 90 நாள் இருப்பவர் ஒவ்வொரு 90 நாளுக்கும் ஒருமுறை தம் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். உரிய நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை அவகாசம். தவறினால் 2,000 பாட் அபராதம். வெளிநாடு போய் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இது முகவரி அறிவிப்பு மட்டுமே, தங்கும் காலத்தைக் கூட்டாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு காலாவதியானவர்கள் உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கியதை 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. ஆனால் ரசீது இல்லாவிட்டால் நீட்டிப்பு மேசையில் நிற்பவர் குடியிருப்பவர்தான்.

எல்லாவற்றையும்விட எளிதில் மறக்கப்படுவது மறுநுழைவு அனுமதி. நீட்டிப்புப் பெற்றவர் அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் தங்கும் உரிமை அந்தக் கணமே ரத்தாகும். மீதமிருந்த மாதங்கள் திரும்பி வராது. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். ஊரில் சாவு என்று செய்தி வந்து அவசரமாகக் கிளம்புபவர்கள், பெரிய சர்வதேச விமான நிலையங்களில் புறப்படுமுன் இதைப் பெறலாம்.

அனுமதி தராதவை

இந்த அனுமதியின்கீழ் வேலை செய்யக்கூடாது. நிலம் வாங்கவும் பொதுவாக முடியாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம், ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக்கூடாது. சட்டப்படி மணந்த துணைவர் 50 வயதுக்குக் குறைந்தவரானாலும் சார்ந்திருப்பவராக உடன் தங்கலாம். அவருடைய அனுமதி மற்றவருடையதைச் சார்ந்தே நிற்கும். எத்தனை ஆண்டு நீட்டித்தாலும் நிரந்தர வசிப்புரிமைக்கான தகுதி இதில் சேராது.

வரி தனிக் கணக்கு. ஓர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்குபவர் வரிக்குரிய வசிப்பாளர். 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை எந்த ஆண்டில் நாட்டுக்குள் கொண்டுவந்தாலும் அது வரிக் கணக்கில் வரும். அதற்கு முன் ஈட்டியதற்கு விலக்கு. மாதாமாதம் பணம் கொண்டுவா என்று குடிவரவுத் துறை சொல்ல, கொண்டுவந்ததைக் கணக்கில் காட்டு என்று வரித்துறை சொல்கிறது. எந்த ஓய்வூதியத்துக்கு எந்த நாட்டில் வரி என்பதை இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கைகளைப் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். 2016 மார்ச் 20 முதல் நுழைவுத் தடையும் சேர்ந்தது. 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் தாமாகவே வெளியேறினால் ஓராண்டு, ஓராண்டுக்கு மேல் என்றால் மூன்றாண்டு, மூன்றாண்டுக்கு மேல் ஐந்தாண்டு, ஐந்தாண்டுக்கு மேல் பத்தாண்டு தடை. பிடிபட்டால், ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலும் ஐந்தாண்டு.

வசதி மிகுந்தவர்களுக்கு 2022 செப்டம்பர் 1 முதல் வேறொரு வழி திறந்திருக்கிறது. முதலீட்டு வாரியத்தின் நீண்டகால வசிப்பு விசாவில் ‘செல்வமுள்ள ஓய்வூதியர்’ என்ற பிரிவுக்கும் வயது 50தான். ஆண்டுக்கு 80,000 டாலர் ஓய்வூதியமோ உழைப்பில்லா வருமானமோ வேண்டும். 40,000 டாலருக்குக் குறையாத வருமானம் உள்ளவர் 2.5 லட்சம் டாலரைத் தாய்லாந்தில் முதலீடு செய்தும் தகுதி பெறலாம். பத்தாண்டுக் காலமும், 90 நாளுக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரே முகவரி அறிவிப்பும், மறுநுழைவு அனுமதி தேவையின்மையும், வெளிநாட்டு வருமானத்துக்கு வரிவிலக்கும் இதன் சலுகைகள். கட்டணம் 50,000 பாட்.