வெந்நீரூற்று நகர விடுதி (ஜப்பான்)

ஜப்பானிய நகரங்களில், பெரும்பாலும் ரயில் நிலையங்களை ஒட்டி, பொதுக் குளியல் கூடத்துடன் இயங்கும் நடுத்தரக் கட்டண விடுதி. ‘டார்மி இன்’ இவ்வகையில் பெயர்பெற்ற தொடர். அறை குறுகல், பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. காசு குளியலுக்குத்தான்.

ஜப்பானின் 1948-ஆம் ஆண்டு வெந்நீரூற்றுச் சட்டப்படி, ஊற்றுநீர் 25 டிகிரி செல்சியசுக்குக் குறையாமலிருந்தாலோ, பட்டியலிலுள்ள 19 பொருள்களில் ஒன்றை உரிய அளவில் கொண்டிருந்தாலோ போதும், அது ‘வெந்நீரூற்று’தான். எனவே வெதுவெதுப்பான நீரையும் 40 டிகிரிக்கு மேல் சூடாக்கித் தொட்டியில் விடுகிறார்கள். சில விடுதிகளுக்கு ஊற்றுநீர் லாரியில் வருகிறது.

தமிழ்நாட்டிலிருந்து ஜப்பான் செல்பவர்களுக்கு முதல் தயக்கம் ஆடையில்தான். ஆண், பெண் கூடங்கள் தனித்தனி; ஆனால் கைலியோ ஜட்டியோ அணிந்து இறங்க முடியாது. முக்காலியில் அமர்ந்து, சோப்பு நுரை போகக் கழுவிய பிறகே தொட்டி. சிறு துண்டு நீரில் படக்கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

டார்மி இன் இரவு 9.30-க்கு மேல் இலவசமாகத் தரும் நூடுல்ஸைச் சைவம் என்று எண்ணிவிடக் கூடாது.