மாளிகைமேடும் நோவ்கோரோதும்

செம்பட்டிக்காரங்களுக்குக் கோட்டைன்னா 1605-ல முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் ஆரம்பிச்ச திண்டுக்கல் மலைக்கோட்டைதான். ஆனா கல்லே இல்லாத கோட்டையும் உண்டு மக்களே! இடைக்கால ஸ்லாவ் மக்கள் மரச்சட்டம் அடுக்கி, உள்ளே மண்ணைக் கொட்டி அரண் கட்டினாங்க. மரம் மக்கிப்போச்சு, மேடு மிச்சம். பேரும் மிச்சம். ரஷ்யாவோட நோவ்கோரோத்னா நம்ம பாஷையில கிட்டத்தட்ட புதுக்கோட்டை!

முதலாம் ராஜேந்திரனோட கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இதே கதிதான். கோயில் மதில் கல்லைக்கூட 1836-ல கொள்ளிடம் கீழணை கட்டப் பேர்த்துட்டாங்க (வயிறு எரியுது). செங்கல் அரண்மனையோ மண்ணுக்குள்ள. மாளிகைமேடு, உட்கோட்டைங்கற பேருங்கதான் விடாம சொல்லிட்டே இருந்துச்சு. 1980-கள்லயும் 2021-லயும் மாநிலத் தொல்லியல் துறை மாளிகைமேட்டைத் தோண்டினப்போ செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி எல்லாம் வந்துச்சு. கூடவே சீனப் பானை ஓடும். அரியலூர் மாவட்டத்துல சாமி!